வெள்ளைப்படுதலுக்குக் கர்ப்பப்பையை எடுத்தால் சரியாகிவிடுமா?

கேள்வி: வயது 34. திருப்பூரில் பனியன் கம்பெனியில் டெய்லராக இருக்கிறேன். இரண்டு குழந்தைகள். குடும்பக்கட்டுப்பாடு ஆபரேஷன் செய்து எட்டு வருடம் ஆகிறது. ஒரு வருடமாக வெள்ளைப்படுகிறது. சில நாள் அரிப்பு, சில நாள் நாற்றம். இடுப்புவலியும் அசதியும் இருக்கின்றன. மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டால் கொஞ்ச நாள் நிற்கிறது, திரும்ப வந்துவிடுகிறது. எலும்பு உருகி வெளியே போகிறது என்கிறார் மாமியார். ஒரு டாக்டர், கர்ப்பப்பை வாயில் புண் இருக்கிறது, கர்ப்பப்பையையே எடுத்துவிட்டால் நல்லது என்கிறார். எடுத்துவிடட்டுமா?

பதில்:

வேண்டாம், இப்போது எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். நீங்கள் எழுதியிருப்பதில் கர்ப்பப்பையை எடுப்பதற்கான காரணம் ஒன்றுகூட இல்லை. அரிப்பையும் நாற்றத்தையும் உண்டாக்கும் தொற்று பெரும்பாலும் இருப்பது பிறப்புறுப்புப் பாதையில். கர்ப்பப்பையை எடுத்த பிறகும் அந்தப் பாதை அங்கேயேதான் இருக்கும். கர்ப்பப்பை வாயிலிருந்து வரும் சளி மட்டும் நின்றுபோகும். தொற்று வழக்கம்போல் திரும்பி வரும். ஆபரேஷன் முடிந்து ஆறு மாதம் கழித்து அதே அரிப்போடு வந்து உட்காரும் பெண்களைப் பார்க்கும்போது மனசு கனத்துப்போகிறது.

இது உங்கள் ஒருவருக்கு மட்டும் சொல்லப்படும் யோசனை இல்லை. மகாராஷ்டிராவின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டும் பெண்களில் ஏராளமானோருக்கு இளம் வயதிலேயே கர்ப்பப்பை எடுக்கப்பட்டிருந்தது 2019இல் பெரிய செய்தியாகி, அரசு குழு போட்டு விசாரித்தது. அவர்களில் பலர் மருத்துவமனைக்குப் போன காரணம் வெள்ளைப்படுதலும் அடிவயிற்று வலியும்தான். புற்றுநோய், மருந்துக்கு அடங்காத அதிக ரத்தப்போக்கு, பெரிய கட்டிகள், கர்ப்பப்பை இறங்கிவிடுவது என்று அந்த ஆபரேஷனுக்கு நியாயமான காரணங்கள் உண்டு. வெள்ளைப்படுதல் அந்த வரிசையில் வராது.

சரி, எது இயல்பு, எது நோய் என்று பார்ப்போம்.

வாயில் எச்சில் ஊறுவது போல, வயதுக்கு வந்த பெண்ணின் பிறப்புறுப்பில் தினமும் கொஞ்சம் திரவம் சுரக்கத்தான் செய்யும். கர்ப்பப்பை வாயின் சளி, பாதையின் சுவரிலிருந்து கசியும் நீர், உதிர்ந்த செல்கள், அங்கே வாழும் நல்ல பாக்டீரியாக்கள் எல்லாம் சேர்ந்ததுதான் அது. ஒரு நாளைக்கு 1 முதல் 4 மில்லி வரை வரலாம். மாதவிலக்கு முடிந்த சில நாள் குறைவாக இருக்கும். கருமுட்டை வெளியாகும் சமயத்தில், அதாவது 28 நாள் சுழற்சி உள்ளவருக்குச் சுமார் 14ஆம் நாளையொட்டி, முட்டையின் வெள்ளைக்கரு மாதிரி வழுவழுப்பாக, இழுத்தால் நீளும்படி வரும். அதன் பிறகு கெட்டியாகி வெண்மையாகும். கர்ப்ப காலத்தில் அதிகமாகும். உள்ளாடையில் காய்ந்தால் இளமஞ்சள் கறையாகத் தெரியும். அரிப்பு, எரிச்சல், கெட்ட நாற்றம் இல்லாத வரை இதற்கு மருந்தே தேவையில்லை.

அந்த நல்ல பாக்டீரியாக்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். லேக்டோபேசில்லஸ் என்று பெயர். ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் இருக்கும் வரை பிறப்புறுப்பின் சுவரில் கிளைக்கோஜன் என்ற சர்க்கரைச் சத்து சேரும். அதிலிருந்து லேக்டோபேசில்லஸ் லாக்டிக் அமிலத்தை உண்டாக்கி, அந்த இடத்தின் பிஎச் அளவை (புளிப்பைக் காட்டும் எண், குறையக் குறையப் புளிப்பு அதிகம்) 3.8க்கும் 4.5க்கும் நடுவில் வைத்திருக்கும். அந்தப் புளிப்பில் மற்ற கிருமிகள் பலவற்றால் பெருக முடியாது. அதனால்தான் லேசான புளித்த வாடை இயல்பானது. அதைப் போக்க வேண்டும் என்று சோப்பு, டெட்டால், வாசனை வாஷ் எதையும் உள்ளே விட்டுக் கழுவாதீர்கள். கழுவக் கழுவ அந்தப் பாதுகாப்பு குலைந்து நாற்றம் கூடத்தான் செய்யும். வெளிப்புறத்தை வெறும் தண்ணீரில் கழுவினால் போதும்.

உங்கள் மாமியாருக்குச் சொல்லுங்கள்: இதில் எலும்பும் இல்லை, சுண்ணாம்புச் சத்தும் வடிந்து போவதில்லை. எலும்பிலிருந்து கர்ப்பப்பைக்கோ பிறப்புறுப்புக்கோ எந்த வழியும் கிடையாது. அவர் உங்கள் மேல் உள்ள அக்கறையில்தான் சொல்கிறார், தலைமுறையாக வரும் பயம் அது. ஆனால் எலும்புக்கு உண்மையான ஆபத்து எங்கே இருக்கிறது என்று அவருக்கும் தெரிய வேண்டும். 34 வயதில் கர்ப்பப்பையோடு இரண்டு சினைப்பைகளையும் எடுத்துவிட்டால் ஈஸ்ட்ரோஜன் ஒரே நாளில் விழுந்துவிடும். அப்போதுதான் எலும்பு வேகமாகத் தேயும். சினைப்பைகளை விட்டுவைத்தாலும் மாதவிலக்கு நிற்கும் பருவம் சில வருடம் முந்தி வர வாய்ப்பு அதிகம். எலும்புக்குப் பயந்து செய்யும் ஆபரேஷனே எலும்பைக் கெடுத்துவிடக் கூடாது.

இனி உங்கள் தொந்தரவுக்கு வருகிறேன். "சில நாள் அரிப்பு, சில நாள் நாற்றம்" என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கேள்வியிலேயே எனக்கு மிக முக்கியமாகப் பட்டது அதுதான். இவை இரண்டு வேறு தொற்றுகளின் அடையாளங்கள். ஒன்றுக்கு மருந்து சாப்பிட, அதன் விளைவாக மற்றது வந்து, மாறி மாறி ஒரு வருடம் ஓடியிருக்க வாய்ப்பிருக்கிறது.

அரிப்பு முன்னால் நின்றால் முதலில் சந்தேகிப்பது கேண்டிடா என்ற பூஞ்சை. தயிர் திரிந்தது போலக் கட்டிகட்டியாக வெள்ளை, வெளிப்புறம் சிவந்து வீங்கும், யூரின் அதன் மேல் படும்போது சுரீரென்று எரியும். நாற்றம் பெரும்பாலும் இருக்காது. நான்கில் மூன்று பெண்களுக்கு வாழ்நாளில் ஒரு முறையாவது இது வரும், வெட்கப்பட எதுவுமே இல்லை. ஆன்டிபயாட்டிக் சாப்பிட்ட பிறகு, கர்ப்ப காலத்தில், சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதபோது அதிகம் வரும். சர்க்கரை நோய்க்கு இப்போது பரவலாகத் தரப்படும் டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் மாத்திரைகள் சர்க்கரையை யூரினில் வெளியேற்றுவதால், அவற்றைச் சாப்பிடும் பெண்களுக்கும் இந்த அரிப்பு வரும். வீட்டில் யாராவது அந்த மாத்திரை சாப்பிட்டுக்கொண்டு அரிப்பை வெளியே சொல்லாமல் இருந்தால், டாக்டரிடம் சொல்லச் சொல்லுங்கள். மருந்து எளிது: க்ளோட்ரிமசோல் மாத்திரையை இரவில் பிறப்புறுப்புக்குள் வைப்பது, அல்லது ஃப்ளூகோனசோல் 150 மி.கி. ஒரே ஒரு மாத்திரை. கர்ப்பிணிகள் ஃப்ளூகோனசோல் மாத்திரையைத் தவிர்த்து, உள்ளே வைக்கும் மருந்தை டாக்டர் சொன்னபடி ஏழு இரவுகள் வைக்க வேண்டும். வருடத்தில் மூன்று முறைக்கு மேல் வந்தால், வாரம் ஒரு மாத்திரை என்று ஆறு மாதம் வரை நீளும் சிகிச்சை உண்டு. அதற்கு முன்னால் சர்க்கரை பார்த்தே ஆக வேண்டும். கணவருக்கு அரிப்போ சிவப்போ இல்லையென்றால் அவருக்கு மருந்து தேவையில்லை.

நாற்றம் முன்னால் நின்றால் வேறு கதை. சாம்பல் கலந்த வெள்ளையில், தண்ணீராக, மீன் வாடையோடு, தாம்பத்திய உறவுக்குப் பிறகும் மாதவிலக்கு முடிந்த கையோடும் வாடை கூடுகிறதென்றால் அது பாக்டீரியல் வஜினோசிஸ். லேக்டோபேசில்லஸ் குறைந்து வேறு பாக்டீரியாக்கள் பெருகிவிடுவதால் வருவது. பிஎச் 4.5ஐத் தாண்டும். இதற்கு மெட்ரோனிடசோல் 400 மி.கி. தினம் இரண்டு வேளை, ஏழு நாள். வாயில் உலோகச் சுவையும் குமட்டலும் வரும், அதனால் பலர் மூன்றாம் நாளே நிறுத்திவிடுகிறார்கள். சாப்பாட்டுக்குப் பிறகு போட்டுக்கொண்டு ஏழு நாளையும் முடிக்க வேண்டும். முழுமையாகச் சாப்பிட்டவர்களிலும் பாதிப் பேருக்கு மேல் ஒரு வருடத்துக்குள் திரும்ப வருகிறது. அது உங்கள் சுத்தக் குறைவு இல்லை.

ஏன் திரும்ப வருகிறது என்பதில் அண்மையில் ஒரு நல்ல திருப்பம். இந்தப் பாக்டீரியாக்கள் கணவரின் உறுப்பின் தோலிலும் தங்கி, திரும்பத் திரும்ப மனைவிக்கு வரக்கூடும் என்று வெகு நாளாகச் சந்தேகம் இருந்தது. ஆஸ்திரேலியாவில் நடந்து 2025இல் வெளியான ஒரு ஆய்வில், துணைவருக்கும் சேர்த்து மாத்திரையும் மேல்பூச்சுக் களிம்பும் கொடுத்தார்கள். மனைவிக்கு மட்டும் மருந்து கொடுத்தபோது 12 வாரத்துக்குள் 63 சதவீதம் பேருக்குத் திரும்ப வந்தது. இருவருக்கும் கொடுத்தபோது அது 35 சதவீதமாகக் குறைந்தது. ஆக, உங்களுக்கு இதுதான் என்று உறுதியானால் கணவருக்கும் சேர்த்து மருந்து தரலாமா என்று டாக்டரிடம் தயங்காமல் கேளுங்கள்.

மூன்றாவது ட்ரைகோமோனாஸ். மஞ்சள் பச்சையாக, நுரையோடு, எரிச்சலும் நாற்றமும் சேர்ந்து வரும். இது உறவின் வழியாகப் பரவுவது. இருவரும் ஒரே சமயத்தில் மருந்து சாப்பிடாவிட்டால் தீரவே தீராது. இந்தப் பெயரைக் கேட்டதும் வீட்டில் சண்டை வெடிப்பதுண்டு. எந்த அறிகுறியும் இல்லாமல் மாதக்கணக்கில் உடம்பில் இருக்கக்கூடிய கிருமி இது. யாரிடமிருந்து, எப்போது வந்தது என்று இதை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. மருந்தை இருவரும் முடியுங்கள், குணமாகிவிடும்.

இந்த மூன்றையும் பிரித்துப் பார்ப்பதற்குப் பெரிய லேப் வேண்டாம். ஸ்பெகுலம் என்ற, பாதையை விரித்துப் பார்க்கும் கருவியை வைத்துப் பார்த்து, கொஞ்சம் திரவத்தை எடுத்து, பிஎச் தாளில் தொட்டு, ஒரு துளி உப்புக்கரைசலோடு ஸ்லைடில் வைத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் பெரும்பாலும் சில நிமிடத்தில் விடை தெரிந்துவிடும். ஒரு வருடமாக உங்களுக்கு இது ஒரு முறைகூடச் செய்யப்பட்டதாக நீங்கள் எழுதவில்லை. மெடிக்கலில் நீங்கள் வாங்கியது அநேகமாக மூன்று மருந்து சேர்ந்த கிட்டாக இருக்கும்: அசித்ரோமைசின், செக்னிடசோல், ஃப்ளூகோனசோல். பூஞ்சைக்கும் பாக்டீரியாவுக்கும் ஒரே அட்டையில் மருந்து. எது இருந்தாலும் கொஞ்சம் அடங்கும், அதனால் குணமான மாதிரி தெரியும். ஆனால் தேவையில்லாமல் சாப்பிட்ட ஆன்டிபயாட்டிக் அடுத்த பூஞ்சைக்கு இடம் கொடுத்துவிடும். அரசு மருத்துவமனைகளிலும் வெள்ளைப்படுதலுக்குப் பச்சை நிற கிட் இலவசமாகத் தருகிறார்கள். பரிசோதனை வசதி இல்லாத இடத்தில் ஒருவரைச் சும்மா திருப்பி அனுப்பாமல் இருக்க அது நல்ல ஏற்பாடு. ஒரு முறை கொடுத்துச் சரியாகாவிட்டால் மறுபடி கிட் கொடுக்கக் கூடாது, உள்ளே பார்க்க வேண்டும்.

"கர்ப்பப்பை வாயில் புண்" என்று சொன்னதைப் பற்றி. கர்ப்பப்பை வாயின் உட்புறம் இருக்கும் சிவந்த மெல்லிய செல்கள், ஹார்மோன் காரணமாக வெளிப்பக்கம் வந்து படர்வது இளம் பெண்களிடம் மிகவும் சாதாரணம். பிரசவமானவர்கள், கருத்தடை மாத்திரை சாப்பிடுபவர்களிடமும் பார்க்கலாம். பார்வைக்குச் செக்கச்செவேலென்று புண் மாதிரி தெரியும், சளியும் கொஞ்சம் கூடுதலாக வரும். அது புண் இல்லை, புற்றுநோய்க்கு முந்தைய நிலையும் இல்லை. பாப் ஸ்மியர் (கர்ப்பப்பை வாயின் செல்களை எடுத்துப் பார்ப்பது) அல்லது எச்பிவி (கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் வைரஸ்) பரிசோதனை நார்மலாக இருந்து, உறவின்போது ரத்தக்கசிவு போன்ற தொந்தரவும் இல்லையென்றால், பெரும்பாலும் அதை அப்படியே விட்டுவிடலாம். அந்த ஒரு வார்த்தையைக் கேட்டுப் பயந்தே எத்தனையோ பெண்கள் ஆபரேஷனுக்குச் சம்மதித்துவிடுகிறார்கள். எனக்கு இதில் ஆதங்கம் அதிகம், அதனால் அழுத்திச் சொல்கிறேன்.

அதே சமயம் பரிசோதனையைத் தள்ளிப்போடச் சொல்லவில்லை. 30 வயது தாண்டிய ஒவ்வொரு பெண்ணும் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கான பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். நம் திண்டுக்கல் மாவட்டத்தில் 2000இல் தொடங்கிய ஒரு பெரிய ஆய்வு இதற்கு உலகளவில் எடுத்துக்காட்டாகச் சொல்லப்படுகிறது. 30 முதல் 59 வயது வரையான கிராமப்புறப் பெண்களுக்குப் பயிற்சி பெற்ற நர்சுகள் கர்ப்பப்பை வாயில் அசெட்டிக் அமிலம், அதாவது நீர்த்த வினிகர் தடவி, வெள்ளையாக மாறுகிறதா என்று கண்ணால் பார்த்தார்கள். மாறிய இடத்துக்கு உடனே சிகிச்சை. 2007இல் முடிவு வெளியானபோது, பரிசோதனை செய்த பகுதியில் அந்தப் புற்றுநோயால் ஏற்படும் மரணம் 35 சதவீதம் குறைந்திருந்தது. இந்தப் பரிசோதனை அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் இலவசம். உங்களுக்கு 34 ஆகிறது, இந்த ஒரு தடவையிலேயே அதையும் முடித்துவிடுங்கள்.

இடுப்புவலியும் அசதியும் வெள்ளைப்படுவதால் வருகின்றன என்று நினைக்கிறீர்கள். பெரும்பாலும் இல்லை. குடும்பக்கட்டுப்பாடு ஆபரேஷனும் இவற்றுக்குக் காரணம் இல்லை. நாள் முழுக்கத் தையல் மெஷினில் குனிந்து உட்காருகிறீர்கள். இடுப்பு வலிக்கத்தான் செய்யும். அசதிக்கு முதலில் ஹீமோகுளோபின் பாருங்கள். தேசிய குடும்பநல ஆய்வின் 2019-21 கணக்குப்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு ரத்தசோகை. ரத்தம் குறைவாக இருந்தால் படி ஏறினால் மூச்சு வாங்கும், தலை சுற்றும், எதிலும் மனம் ஒட்டாது. சத்தெல்லாம் வெளியே போகிறது என்று தோன்றுவது அதனால்தான். தைராய்டும் பார்த்துவிடுங்கள்.

இன்னொன்றையும் கேட்க வேண்டும், தவறாக நினைக்காதீர்கள். தூக்கம் சரியாக இருக்கிறதா? வீட்டில், வேலையில் மனதைப் போட்டு அழுத்தும் விஷயம் ஏதாவது உண்டா? கோவாவில் சுமார் 2,500 பெண்களிடம் நடத்தி 2005இல் வெளியான ஆய்வில், வெள்ளைப்படுதல் என்று முறையிட்டவர்களுக்குத் தொற்றோடு இருந்த தொடர்பை விட மனச்சோர்வோடும் பதற்றத்தோடும் இருந்த தொடர்பு வலுவாக இருந்தது. நீங்கள் கற்பனை செய்கிறீர்கள் என்று இதற்கு அர்த்தமில்லை. "எனக்கு முடியலை" என்று நேராகச் சொல்ல இடமில்லாத வீட்டில் பெண் வேறு எதையாவது சொல்லித்தான் டாக்டரிடம் போக முடிகிறது. டாக்டரிடம் அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

வேலை இடத்தைப் பற்றிச் சுருக்கமாக. பாத்ரூம் போக வேண்டுமே என்று தண்ணீர் குடிக்காமல் இருக்காதீர்கள். யூரின் தொற்றுக்கு அது வழி. இறுக்கமான நைலான் உள்ளாடை வேண்டாம், காட்டன் போதும். துவைத்த உள்ளாடையைப் புடவைக்கு அடியில் மறைத்து ஈரத்தோடு காயவைக்கும் பழக்கம் நம் வீடுகளில் இன்னும் போகவில்லை; வெயிலில் நன்றாகக் காயட்டும், யார் என்ன நினைத்தால் என்ன. தினமும் வாசனை போட்ட மெல்லிய பேட் வைப்பதை நிறுத்துங்கள், அரிப்புக்கு அதுவே காரணமாக இருக்கலாம். வெந்தயம், மோர், இளநீர் தாராளமாகச் சாப்பிடுங்கள், ஆனால் அவை தொற்றைப் போக்காது. பூண்டு, எலுமிச்சை, தயிர் எதையும் உள்ளே வைக்காதீர்கள்.

காத்திருக்கக் கூடாத சில அறிகுறிகள்: காய்ச்சலோடு கடுமையான அடிவயிற்று வலி இருந்தால் அன்றைக்கே போக வேண்டும். உறவுக்குப் பிறகு ரத்தம், மாதவிலக்கு இல்லாத நாளில் ரத்தம், ரத்தம் கலந்த கெட்ட நாற்றமுள்ள வெள்ளை இருந்தால் அந்த வாரமே. உங்கள் மாமியாருக்கோ அம்மாவுக்கோ மாதவிலக்கு நின்று ஒரு வருடம் ஆன பிறகு ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் காட்ட வேண்டும். அவர்கள் வயதில் வறட்சியும் எரிச்சலும் இருந்தால், அது ஈஸ்ட்ரோஜன் குறைவதால் வருவது. அதற்கு நல்ல க்ரீம்கள் இருக்கின்றன. தோல் வெள்ளை வெள்ளையாகத் தடித்து, கூடவே ஓயாத அரிப்பும் இருந்தால் பூஞ்சை மருந்தைத் தடவிக்கொண்டே இருக்காமல் டாக்டரிடம் காட்ட வேண்டும்.

அப்புறம், எப்படிப் போவது. மாதவிலக்கு முடிந்து சில நாள் கழித்துப் போங்கள். அதற்கு முந்தைய இரண்டு நாள் உள்ளே மருந்து வைக்க வேண்டாம், உறவு வேண்டாம், உள்ளே கழுவ வேண்டாம்; இல்லையென்றால் ஸ்லைடில் எதுவும் சரியாகத் தெரியாது. சாப்பிட்ட மாத்திரைகளின் அட்டைகள் இருந்தால் எடுத்துப் போங்கள். பெண் டாக்டர் வேண்டும் என்று கேட்கலாம். ஆண் டாக்டர் என்றால் பரிசோதிக்கும்போது நர்ஸ் கூட இருக்க வேண்டும் என்று சொல்லலாம். மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: எனக்கு இருப்பது எந்தத் தொற்று, ஸ்லைடில் என்ன தெரிந்தது, கணவருக்கும் மருந்து வேண்டுமா? இவற்றோடு சர்க்கரை, ஹீமோகுளோபின், யூரின், கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை. கர்ப்பப்பையை எடுக்கச் சொன்ன டாக்டரிடம் திரும்பப் போவதானால், எந்த நோய்க்காக எடுக்கச் சொல்கிறார் என்று எழுதித் தரக் கேட்டு, அந்தச் சீட்டை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மகளிர் பிரிவில் இன்னொரு டாக்டரிடம் காட்டுங்கள்.